எரிபொருள் குழாய்க்குப் பழைய ஹோஸ் உறை

மண் தடப் பந்தயக் காரில் எரிபொருள் குழாய் தகட்டு ஓட்டையில் நுழையும் இடத்திலும் கிளாம்ப் பிடிக்கும் இடத்திலும், பழைய ஹீட்டர் ஹோஸ் (கார் ஹீட்டருக்கு வெந்நீர் போகும் ரப்பர் குழாய்) துண்டை நீளவாக்கில் கீறி மாட்டுங்கள். கார் குலுங்கக் குலுங்கத் தகட்டு விளிம்பு குழாயை ராவும். இடையில் புகுந்த மண் அந்தத் தேய்மானத்தை இன்னும் வேகப்படுத்தும். உறை போட்டால் தேய்வது ஓசி ரப்பர்தான். எஃகுப் பின்னல் குழாய்க்கும் இது அவசியம். அது தான் தேயாவிட்டாலும் பக்கத்து ஒயரை அறுத்துவிடும், பிரேக் குழாயைக்கூட விடாது.

எக்ஸாஸ்ட் அருகே இது உதவாது, ரப்பர் கருகிவிடும்; அங்கே தீ தாங்கும் உறைதான். எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டிலும் வேண்டாம். இடைவெளி வழியே தீ உள்ளே வரும். அங்கே பல்க்ஹெட் ஃபிட்டிங் (தகட்டில் இறுக்கி, இரு பக்கமும் குழாயை மாட்டும் இணைப்பு) போட்டு அடைத்துவிடுங்கள்.