வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்களா? பேட்டரியை இப்படி எடுத்து வையுங்கள்

ஊருக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "வாரத்துக்கு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறோம் இல்லையா, அது பெரிதாக உதவாது. ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடினால் ஸ்டார்ட்டர் இழுத்த சார்ஜே சில சமயம் முழுசாகத் திரும்பாது. வண்டி சும்மா நின்றாலும் கடிகாரம், அலாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு மாதத்துக்கு மேல் என்றால் கழற்றிவிடுங்கள்.

முதலில் நெகட்டிவ், அப்புறம்தான் பாசிட்டிவ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் உரசும்போது பொறி பறக்கும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி, பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது. காய்ந்ததும் லேசாக வாஸ்லின்.

அடுத்ததுதான் முக்கியம்: முழு சார்ஜ் ஏற்றாமல் வைக்காதீர்கள். அரை சார்ஜில் கிடக்கும் பேட்டரியில் தகடுகள் மேல் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. 35 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், அதாவது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) பேட்டரி என்றால் சுமார் 3.5 ஆம்பியரில் நிதானமாக ஏற்றுங்கள், காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பிடிக்காமல். வெளிவருவது ஹைட்ரஜன். தண்ணீர் ஊற்றும் வகை என்றால், தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு சார்ஜ் ஏற்றி, முடிந்தபிறகு கோடு வரை நிரப்புங்கள். முன்னாடியே நிரப்பினால் பொங்கி வழியும். குழாய்த் தண்ணீரும் ஆசிடும் வேண்டவே வேண்டாம். சீல் வைத்த பேட்டரியைத் திறக்காதீர்கள்.

ராத்திரி முழுக்க சும்மா வைத்துவிட்டு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரி.

சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று இன்னும் சொல்கிறார்கள். அது மரப்பெட்டி, ரப்பர் பெட்டி காலத்துப் பேச்சு, இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயமில்லை. நம்ம ஊரில் பயப்பட வேண்டியது வெயிலுக்குத்தான்: பத்து டிகிரி சூடு ஏறினால் தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தகர ஷெட், மொட்டை மாடி அறை எல்லாம் வேண்டாம். பிள்ளைகள் கைபடாத நிழலான மூலை போதும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாரையாவது வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். 12.4க்கு வந்துவிட்டால் உடனே திரும்ப சார்ஜ். மாட்டும்போது வரிசை தலைகீழ், பாசிட்டிவ் முதலில்.