ஃப்ளூ ஊசிக்கு வாட்ஸ்அப்பில் ஆள் திரட்டுவது எப்படி?

சின்ன கிளினிக் நடத்துபவர்களுக்கும், அப்பார்ட்மென்ட் சங்கத்தில் இந்த வேலை தலையில் விழுந்தவர்களுக்கும் இது. கையில் இருக்கும் போனே போதும்.

முதலில் தேதி. தமிழ்நாட்டில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு வீடு இருமல்தான். ஊசி போட்டு எதிர்ப்பு சக்தி வர 2 வாரம் ஆகும், 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் முதல்முறை போடுகிறார்கள் என்றால் 4 வாரம் விட்டு இன்னொரு டோஸும் வேண்டும். அதனால் செப்டம்பர் தொடக்கத்திலேயே செய்தி போய்விடட்டும்.

அடுத்து, குரூப் வேண்டாம். நீங்கள் போட்டது குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள், 256 பேர் வரை சேர்க்கலாம், அவரவருக்குத் தனிச் செய்தியாகவே போகும். ஆனால் உங்கள் எண்ணை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போகும், எனவே கிளினிக்குக்கு வருபவர்களிடம் இப்போதே கேட்டு, சம்மதம் வாங்கி, சேவ் செய்யச் சொல்லுங்கள்.

செய்தி இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். இந்த வருஷ ஃப்ளூ ஊசி வந்துவிட்டது. வீட்டில் 65 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அழைத்து வாருங்கள். சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை."

கீழே விலையையும் போடுங்கள். அரசின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, முதல் கேள்வியே "எவ்வளவு?" என்றுதான் வரும். கூடவே டாக்டர் குரலில் அரை நிமிட வாய்ஸ் மெசேஜ் ஒன்று. கலர் போஸ்டரைவிட இதைத்தான் நான் நம்புவேன், கண்ணாடி தேடாமல் பாட்டியும் கேட்டுவிடலாம், தெரிந்த குரல் வேறு.

அப்புறம் சந்தேகங்கள் வரும். வாட்ஸ்அப் பிசினஸில் குயிக் ரிப்ளையாகப் பதிலைச் சேமித்து வையுங்கள். "போன வருஷம்தானே போட்டேன்?" வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும், உலக சுகாதார நிறுவனம் பார்த்துச் சொல்வதை வைத்து ஊசியையும் மாற்றுகிறார்கள், போதாததற்குப் பழைய ஊசியின் பலமும் குறைந்திருக்கும். "ஊசியாலேயே ஃப்ளூ வருமாமே?" கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, ஓரிரு நாள் கைவலியோ லேசான காய்ச்சலோ வரலாம், அவ்வளவுதான். ஆர்வக்கோளாறில் "இனி சளியே பிடிக்காது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சாதாரண சளிக்கு இந்த ஊசி வேலை செய்யாது, அடுத்த தும்மலுக்கே சண்டைக்கு வருவார்கள்.

வருபவர்களிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டு நோட்டில் குறியுங்கள். வராதவர்களுக்கு தீபாவளிக்கு முன்னால் ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் போனால் பிளாக் செய்துவிடுவார்கள்.