பேய்க் கொட்டகையில் சங்கேதக் குறிப்பை உடைப்பது எப்படி

மூடிக்கிடக்கும் சினிமா கொட்டகையில் மர்ம விளையாட்டு ஆடப் போகிறவர்கள், கட்டடம் தானாகச் செய்வது எது, ஆள் வைத்துவிட்டுப் போனது எது என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். அதற்கு முன் சங்கேதத்தில் கை வைத்தால் கூகை அலறுவதும் குறிப்பாகத்தான் தோன்றும்.

உரிமையாளரிடம் அனுமதி வாங்கிப் பகலிலேயே ஒருமுறை சுற்றிவாருங்கள். இற்றுப்போன மேடைப் பலகை, தொங்கும் சீலிங், பாம்பு அடையக்கூடிய மூலை எல்லாவற்றையும் சாக்பீஸால் குறியுங்கள். வௌவால் எச்சம் கிடக்கும் இடத்தில் முகக்கவசம் கட்டாயம்.

சத்தம் கேட்டால் நேரத்தையும் திசையையும் குறியுங்கள். பொழுது சாய்ந்த பின் டக் டக்கென்று கேட்பது, வெயிலில் விரிந்த தகரக் கூரை சுருங்கும் சத்தம். கடலூரிலும் புதுச்சேரியிலும் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். இரவு முற்றினால் மேற்கிலிருந்து தரைக்காற்று திரும்பும். பகலில் சும்மா இருந்த மேற்குக் கதவு நள்ளிரவில் அடித்துக்கொள்வது அதனால்தான். ஆபரேட்டர் ரூமில் புளித்த வாடை அடித்தால் அசிடேட் பிலிம் சிதைகிறது என்று பொருள். அங்கே தீக்குச்சி, மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. 1950-களுக்கு முந்திய சுருள் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம், அது பற்றினால் அணைக்கவே முடியாது.

மேடையில் ஊடுருவித் தெரியும் உருவம் நின்றால் பக்கவாட்டில் நடந்து, டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். ஒளி திரும்பி வந்தால் நடுவே கண்ணாடி இருக்கிறது. லண்டனில் 1862-ல் அறிவியல் விரிவுரையாளர் ஜான் பெப்பர் காட்டிப் புகழ்பெற்ற வித்தை அது: 45 பாகையில் சாய்த்த கண்ணாடி, பார்வைக்கு மறைவாக ஒரு ஆள், அவர்மேல் விளக்கு. அந்த விளக்கை அணைத்தால் பேய் போய்விடும்.

இனி எழுத்து. ஆங்கிலச் சங்கேதங்களுக்கான சூத்திரங்களைத் தமிழில் போட்டுப் பார்ப்பது வீண் வேலை. நம் எழுத்தின் இலக்கணமே சாவி.

கொட்டகைக்குப் பொருத்தமான சங்கேதம் இருக்கை எண். வரிசை எண் மெய்யெழுத்து (க் 1, ங் 2 என்று ன் 18 வரை), இருக்கை எண் உயிர் (அ 1 முதல் ஔ 12 வரை). புள்ளி வைத்த எழுத்துக்கு இருக்கை 0, தனி உயிருக்கு வரிசை 0. நோட்டில் 18 வரிசை, 12 கட்டம் போட்டு வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்:

7-3 12-9 1-0 1-5 9-0 / 9-3 18-0 18-2 13-0

திரைக்குப் / பின்னால். முதல் எண் 18-ஐத் தாண்டினால் ஜ, ஷ போன்ற கிரந்த எழுத்துகளுக்கும் எண் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது எண் 12-ஐத் தாண்டினால் இது எழுத்துச் சங்கேதம் இல்லை, அந்த நாற்காலிக்கே போய் அடியில் தடவுங்கள். சொல் ‘ரிதை’ என்பதுபோல் உளறினால் வரிசையைப் பின்பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். வரிசை எண்ணை 19-லிருந்து கழியுங்கள், ‘திரை’ வந்துவிடும். பெரும்பாலான குழுக்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வரிசை எண்களைக் கலைத்துப் போட்டிருந்தாலும் வழி உண்டு. புள்ளி எழுத்து சொல்லின் தொடக்கத்தில் வராது. ஆகவே இருக்கை எண்களும் கலைந்திருந்தால், குறிப்பில் அடிக்கடி வந்தும் சொல் முதலில் ஒருபோதும் வராத இருக்கை எண்ணைத் தேடுங்கள். குறிப்பு போதிய நீளம் இருந்தால் புள்ளியின் எண் அதுவாகத்தான் இருக்கும். இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்று (பார்த்து, வாழ்க்கை). அடுத்ததுதான் நமக்குப் பிடித்த பிடி: ஒரு சொல் புள்ளியில் முடிந்து, அடுத்த சொல் அதே வரிசையில் தொடங்கிக்கொண்டே இருந்தால் அது வல்லினம் மிகுந்த இடம். அந்த வரிசை க, ச, த, ப நான்கில் ஒன்று. பிறகு ங்-க, ஞ்-ச, ந்-த ஜோடிகளைத் தேடுங்கள். ங் வந்தால் அடுத்தது அநேகமாக க-தான். இவ்வளவு கிடைத்தாலே குறிப்பு பாதி திறந்துவிடும்.

இந்த இரட்டிப்புகளும் ஜோடிகளும் எங்கேயும் தென்படாவிட்டால், வரிசை எண்களோடு ஒரு சாவி எண்ணைக் கூட்டியிருக்கிறார்கள். நான்கு இலக்க ஆண்டுகளைப் போட்டுப் பாருங்கள்: புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த 1954, சட்டப்படி உறுதியான 1962, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அங்கே மறைந்த 1922. சாவி 1922 என்றால் வரிசைகளிலிருந்து 1, 9, 2, 2 என்று சுழற்றிக் கழியுங்கள். விடை பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் 18 கூட்டுங்கள். 8-3 3-9 3-0 3-5 என்பதைக் கழித்தால் ‘திரைக்கு’ வரும். வரிசை எண்ணாக மூன்று தடவை வரும் 3, எல்லா இடத்திலும் ஒரே எழுத்து இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பிலிம் சுருளில் படத்தின் மேல் வலது மூலையில் தெரியும் வட்டப் புள்ளிகளைச் சங்கேதமாக எடுக்க வேண்டாம். அவை ஆபரேட்டர் அடுத்த புரொஜெக்டருக்கு மாற்றுவதற்கான அடையாளம். குறிப்பில் நிமிடமும் நொடியும் இருந்தால் அடியாக மாற்றுங்கள். 35 மி.மீ. பிலிம் நொடிக்கு ஒன்றரை அடி ஓடும். 2 நிமிடம் 10 நொடி என்றால் 195 அடி.

வெற்றுத் தாள் கிடைத்தால் எலுமிச்சைச் சாறாக இருக்கலாம். கடற்கரை ஈரத்தில் தாள் நமத்திருக்கும், முதலில் நிழலில் உலர்த்துங்கள். வெளியே எடுத்துவந்து, மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் பத்து நொடி வைத்து எடுத்துப் பாருங்கள். சாறு தாளுக்கு முன்பே கருகுவதால் எழுத்து பழுப்பாக எழும். சூடு கூடினால் தாளும் சேர்ந்து பழுத்து எழுத்து அதில் மறைந்துவிடும். அப்புறம் மீட்க வழியில்லை, அதனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.