பூஸ்டர் இருக்கைச் சட்டம்: வளர்ந்த குழந்தைகளின் பெற்றோர் செய்யும் தவறுகள்

கைக்குழந்தையைக் காரில் ஏற்றும்போது பெற்றோர் காட்டும் கவனம், அதே குழந்தை பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடுகிறது. ஆறு, ஏழு வயது ஆகிவிட்டால், இனிப் பெரியவர்களைப் போலச் சீட் பெல்ட் மட்டும் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பல நாடுகளின் சட்டங்கள் இந்த வயதினரை மனத்தில் கொண்டுதான், காரின் சீட் பெல்ட் சரியாகப் பொருந்தும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கையைக் கட்டாயமாக்கியுள்ளன. அப்படியொரு சட்டம் இருப்பது பெரும்பாலோருக்குத் தெரிந்தே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளும் விதத்தில்தான் பிழை நேர்கிறது.

சட்டம் குறிப்பிடும் வயதையோ உயரத்தையோ, அன்றே பூஸ்டரைக் கழற்றிவிடலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்வதே அவற்றுள் பெரிய பிழை. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைக்கு ஏற்ற இருக்கை வேண்டும். ஜெர்மனியில் வயது வரம்பு அதே 12 என்றாலும் உயரம் 150 செ.மீ.; பிரான்ஸ் 10 வயதைப் பொது வரம்பாகக் கொள்கிறது; சிங்கப்பூர் 135 செ.மீ. என்ற உயரத்தைப் பார்க்கிறது. கலிபோர்னியாவில் 8 வயது நிரம்பினாலோ ஏறத்தாழ 145 செ.மீ. உயரத்தை எட்டினாலோ பூஸ்டர் கட்டாயமில்லை என்ற விதி 2012இல் நடைமுறைக்கு வந்தது. 140 செ.மீ. உயரமுள்ள பதினோரு வயதுச் சிறுமி ஜெர்மனிச் சாலையில் பூஸ்டரில் அமர்ந்தாக வேண்டும். ரைன் நதியைக் கடந்து பிரான்சுக்குள் நுழைந்ததும் அந்தக் கட்டாயம் போய்விடும். பாலத்தைக் கடக்கும் நேரத்தில் அவளது இடுப்பெலும்பு ஒன்றும் வளர்ந்துவிடுவதில்லை. இந்த எண்களெல்லாம் எந்த வயதுக்கு அல்லது உயரத்துக்குப் பிறகு அபராதம் இல்லை என்பதைக் காட்டும் குறைந்தபட்ச வரம்புகளே.

சாதாரண சீட் பெல்ட் ஏறத்தாழ 145 செ.மீ. உயரத்துக்குமேல்தான் ஒழுங்காகப் பொருந்தத் தொடங்கும் என்பது குழந்தை மருத்துவர்கள் பரவலாகக் கூறும் அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி எட்டு வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் சுமார் 127 செ.மீ.; 145 செ.மீ. வருவதற்குப் பதினோரு வயதை ஒட்டி ஆகிவிடும். ஆகவே 8 வயதை வரம்பாகக் கொண்ட இடத்தில் எட்டாவது பிறந்தநாளோடு பூஸ்டரை எடுத்துவிடும் குடும்பம், சட்டத்தை மீறாமலேயே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் குழந்தையைப் பொருந்தாத பெல்ட்டில் உட்கார வைக்கிறது.

பொருந்தாத பெல்ட் என்ன செய்யும் என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. காரின் பின் இருக்கை பெரியவர்களின் தொடை நீளத்துக்கு ஏற்ப ஆழமாக அமைக்கப்பட்டிருக்கிறது. குட்டைக் கால்களை உடைய குழந்தை முதுகைச் சாய்வில் ஒட்டி உட்கார்ந்தால் முழங்கால் விளிம்பை எட்டாது. கால் நீட்டியபடியே இருக்க முடியாமல், முழங்காலை மடக்குவதற்காக அது முன்னால் சறுக்கி வருகிறது. அப்போது தொடையின் மேற்பகுதியில், இடுப்பெலும்பின் மீது படிந்திருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறிவிடுகிறது. பட்டையைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடுப்பெலும்பின் முன்விளிம்பும் இந்த வயதில் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. மோதலின்போது முழு விசையும் மென்மையான வயிற்றில் இறங்கிக் குடலைக் கிழிக்கலாம். பட்டையை அச்சாகக் கொண்டு உடல் முன்னால் மடியும்போது கீழ்முதுகெலும்பு உடையலாம். வெளியே வயிற்றின் குறுக்காக ஒரு கன்றிய கோடு மட்டுமே தெரிய, காயம் உள்ளே மறைந்திருப்பதும் உண்டு. பூஸ்டர் குழந்தையைச் சில அங்குலம் உயர்த்தி, இருக்கையின் ஆழத்தைக் குறைத்து, பட்டையை எலும்பின் மீது கொண்டுவந்து நிறுத்துகிறது. அதன் வேலை அவ்வளவுதான். தலையணையையோ மடித்த போர்வையையோ போட்டு உயர்த்தினால் இது நடக்காது, ஏனெனில் மோதலில் அவை நசுங்கியும் நழுவியும் போகும். பட்டையை இடுப்பில் தாழ்த்திப் பிடிக்கும் கொக்கிகளும் அவற்றில் இல்லை.

வயதை எண்ணுவதைவிடக் குழந்தையைப் பூஸ்டர் இல்லாமல் உட்கார வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. முதுகு சாய்வில் முழுவதும் படிந்திருக்கிறதா, முழங்கால் இருக்கையின் விளிம்பில் இயல்பாக மடிகிறதா, இடுப்புப் பட்டை தொடையைத் தொட்டுத் தாழ்வாக இருக்கிறதா, குறுக்குப் பட்டை கழுத்துக்கும் தோளின் விளிம்புக்கும் நடுவில் செல்கிறதா, பயணம் முடியும்வரை குழந்தையால் இப்படியே இருக்க முடியுமா என்ற ஐந்து கேள்விகளுக்கும் ஆம் என்ற பதில் வந்தால்தான் பூஸ்டரை விடலாம். பலரும் தங்கள் காரில் ஒருமுறை பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இருக்கையின் ஆழமும் பட்டை பொருத்தப்பட்ட இடமும் காருக்குக் கார் வேறுபடுவதால், ஒரு காரில் தேறிய குழந்தை இன்னொரு காரில் தேறாமல் போகலாம்.

பூஸ்டர் இருந்தும் பயனில்லாமல் போவது பெரும்பாலும் பட்டையால்தான். கழுத்தில் உரசுகிறது என்று குழந்தை சொன்னதும் குறுக்குப் பட்டையை அக்குளுக்குக் கீழேயோ முதுகுக்குப் பின்னாலோ விட்டுவிடுவது அன்றாடம் காணும் காட்சி. அப்படி விட்டால் மேலுடலைத் தடுக்க எதுவுமே இல்லை. பூஸ்டரைத் தயாரிப்பாளரின் அறிவுறுத்தல்படி பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டம் கூறுவதைப் போன்ற விதி உள்ள இடங்களில், பூஸ்டர் மீது உட்கார்ந்திருப்பது மட்டும் சட்டத்தை நிறைவேற்றிவிடாது. இடுப்புப் பட்டை கைத்தாங்கிகளின் கீழாகச் செல்ல வேண்டிய அமைப்பில் அதை மேலாக விடுவதும் இதே வகைப் பிழைதான். குறுக்குப் பட்டை இல்லாமல் இடுப்புப் பட்டை மட்டும் உள்ள இடத்தில் பூஸ்டரை வைக்கவே கூடாது. தடித்த குளிர் அங்கியின் மேல் பெல்ட் போட்டால் அது இறுக்கமாகத் தோன்றும், உண்மையில் தளர்ந்திருக்கும்.

எதிர்த் திசையிலும் ஒரு அவசரம் உண்டு. தோள்கள், இடுப்பின் இருபுறம், கால்களுக்கு நடுவே எனக் குழந்தையைப் பிடிக்கும் ஐந்து முனைப் பட்டையுள்ள சிறு குழந்தை இருக்கை இன்னும் பொருந்துகிறபோதே, நண்பரின் பிள்ளை பூஸ்டருக்கு மாறிவிட்டது என்பதற்காக மாற்றிவிடுகிறார்கள். அசையாமல் உட்காரத் தெரியாத குழந்தைக்குப் பூஸ்டர் உதவாது. முதுகு இல்லாத பூஸ்டர்களைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஐரோப்பிய ஒப்புதல் விதியின் கீழ் 2017 முதல் புதிதாக ஒப்புதல் பெறும் அத்தகைய மாதிரிகள் 125 செ.மீ.க்கு மேல் உயரமும் 22 கிலோவுக்கு மேல் எடையும் உள்ளவர்களுக்கு மட்டுமே. முன்பே ஒப்புதல் பெற்றவை இன்னும் சட்டபூர்வமானவையே என்றாலும், சிறிய குழந்தைக்கு முதுகும் தலைத்தாங்கியும் உள்ளதே ஏற்றது என்பது என் கருத்து. தூங்கிச் சாயும் குழந்தையைப் பட்டைக்குள் வைத்திருப்பது அதுதான்.

விலக்குகளை விரித்துப் பொருள்கொள்வதும் பரவலாக உள்ளது. எதிர்பாராத, தவிர்க்க முடியாத, குறுகிய பயணம் என்றால் மூன்று வயதைக் கடந்த குழந்தை சாதாரண பெல்ட்டில் செல்லலாம் என்று பிரிட்டன் சட்டம் அனுமதிக்கிறது. மூன்று நிபந்தனைகளும் ஒன்றுசேர இருக்க வேண்டும். நாள்தோறும் பள்ளிக்குப் போகும் பத்து நிமிடப் பாதை குறுகியதுதான், எதிர்பாராதது ஆகாது. டாக்சிகளுக்கு அளிக்கப்படும் விலக்கும் நடைமுறை வசதிக்காகவே தவிர, டாக்சியில் மோதலின் விசை குறையும் என்பதற்காக இல்லை.

நாடு விட்டு நாடு செல்வோர் இருக்கையின் ஒப்புதல் முத்திரையைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் வாங்கிய பூஸ்டர் அங்கே முற்றிலும் முறையானதாக இருந்தாலும், கனடாவின் தேசியப் பாதுகாப்புக் குறியோ பிரிட்டன் ஏற்கும் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்துக் குறியோ இல்லையென்றால் அந்தந்த நாட்டில் சட்டப்படி செல்லாது. பழைய இருக்கையைக் கைமாற்றி வாங்கும்போது இந்த முத்திரையோடு, அது விபத்தில் சிக்கியதா என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். குழந்தை இல்லாத நேரத்திலும் பூஸ்டரைப் பெல்ட்டால் கட்டி வையுங்கள்; திடீரெனப் பிரேக் போட்டால் அது முன்னே பறந்து வரும்.

யார் பொறுப்பு என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பிரிட்டனில் 14 வயதுக்குட்பட்ட பயணிகளுக்கு ஓட்டுநரே பொறுப்பு. இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவும், 14 வயது நிரம்பாத குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் சென்றால் ஓட்டுபவருக்கு அபராதம் விதிக்கிறது. எனவே தாத்தாவின் காரிலோ பள்ளித் தோழனின் வீட்டுக் காரிலோ குழந்தையை அனுப்பும்போது, பூஸ்டரையும் கூடவே கொடுத்தனுப்பி, பட்டை எந்தக் கொக்கியின் கீழ் செல்ல வேண்டும் என்பதை ஓட்டுபவருக்கு ஒருமுறை போட்டுக் காட்டிவிட வேண்டும்.