கைவிடப்பட்ட காரைக் கவுன்சில் எடுக்க வைத்தது எப்படி

லண்டனில் எங்கள் வீதி முனையில், நடைபாதையில் பாதி ஏறியபடி ஒரு நீலக் கார் மாதக்கணக்காக நின்றது. முன் டயர் இரண்டிலும் காற்றில்லை, கண்ணாடி ஓரமெல்லாம் பாசி. பக்கத்து வீட்டு ஆச்சி அதைச் சுற்றிப்போக வீதியில் இறங்க வேண்டியிருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

‘வரி கட்டாத கார்’ என்று கவுன்சிலுக்கு எழுதியது என் தவறு. வரி, டிவிஎல்ஏ என்கிற அரசு வாகனப் பதிவு அலுவலகம் பார்க்கிற விஷயம். கைவிடப்பட்ட வண்டியை அகற்றுவதுதான் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலின் கடமை. அப்புறம் அக்கம்பக்கத்தில் விசாரித்தேன் (சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில்கூட இருக்கலாமே), அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு வரியும் எம்ஓடியும் (வருடாந்திர வாகனச் சோதனைச் சான்று) முடிந்த தேதிகளை எடுத்து, டயர், பாசி எல்லாவற்றையும் கிட்டத்தில் படம்பிடித்து ‘கைவிடப்பட்டது’ என்றே அனுப்பினேன். ஆள் வந்து பார்த்து நோட்டீஸ் ஒட்டினார். கெடு முடிந்ததும் லாரியில் ஏற்றிப்போனார்கள், இப்போது ஆச்சி நடைபாதையிலேயே போகிறார்.