கடைசி வார்த்தைகளை மேடையில் சொல்லும்முன்

பள்ளிப் பேச்சுப் போட்டியோ பட்டிமன்றமோ, மதுரை மேடைகளில் யாராவது ஒரு தலைவரைச் சாகடிக்காமல் பேச்சை முடிப்பதில்லை. "நீயுமா புரூட்டஸ்" என்று சீசர் சாய்வார், கைதட்டல் எழும். அது ஷேக்ஸ்பியர் பிரபலமாக்கிய நாடக வசனம். சீசர் முனகியதோடு சரி, பேசவில்லை என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். 'நீயுமா, மகனே' என்று கிரேக்கத்தில் சொன்னதாகச் சிலர் சொல்வதையும் குறித்திருக்கிறார். 'கெடுக என் ஆயுள்' என்று விழுந்த பாண்டியனும் இளங்கோவடிகளின் பாண்டியன்தான். தாராளமாகச் சொல்லலாம், ஆனால் காப்பியம் என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

கட்டபொம்மன் விஷயத்தில் 1959-ல் வந்த படத்தின் வசனம்தான் எல்லார் நாக்கிலும் முதலில் வந்து நிற்கிறது. படத்தைவிட அழுத்தமான ஒன்று கையிலேயே இருக்கும்போது அது எதற்கு? 1799 அக்டோபர் 16-ல் அவரைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன் மறுநாளே அறிக்கை எழுதிவிட்டார். விசாரணையில் கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றார், எட்டயபுரத்தாரை ஏளனமாகப் பார்த்தார் என்கிறது அது. மரத்தடிக்குப் போகும் வழியில் பேச முடியாத தம்பியை, அதாவது ஊமைத்துரையை நினைத்து மட்டும் கவலைப்பட்டாராம். மரத்தடியில், கோட்டையை விட்டு வந்ததற்கு வருந்தி, அதைக் காத்தே செத்திருக்கலாம் என்றாராம். இந்த 'ஆம்' முக்கியம். கடைசிப் பேச்சைத் தான் கேட்டதாகப் பானர்மேன் எழுதவில்லை, தனக்குச் சொல்லப்பட்டது என்றுதான் எழுதினார். எதிரியின் அறிக்கையே இவ்வளவு மதிப்பாகப் பேசும்போது நாம் ஏன் வசனம் சேர்க்க வேண்டும்?

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தமுக்கம் பக்கத்தில் காந்தி அருங்காட்சியகத்தில் ரத்தக்கறை படிந்த அவருடைய துணியைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போதே, "அவர் 'ஹே ராம்' சொல்லவே இல்லையாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். 1948 ஜனவரி 30 அன்று காந்திக்குத் தோள் கொடுத்து நடந்த அவருடைய பேத்தி முறைப் பெண் மனு, அதைக் கேட்டதாக எழுதியிருக்கிறார். உதவியாளர் கல்யாணம், கூச்சலில் தன் காதில் விழவில்லை என்றார். அது 'சொல்லவில்லை' என்று பரவியது. நான் அப்படிச் சொன்னதே இல்லை என்று 2018-ல் அவரே விளக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் கடற்கொள்ளையர்கள். பிளாக்பியர்டின் கடைசி வார்த்தை என்று உலவும் சாபம், 1718-ல் சண்டை தொடங்கும்முன் எதிர்க்கப்பல் தலைவன் மேனார்டைப் பார்த்துக் கத்தியது. சாகும்போது சொன்னதல்ல. புதையல் இருக்கும் இடத்தைச் சங்கேதத் தாளில் எழுதி, தூக்குமேடையிலிருந்து கூட்டத்தில் வீசினான் லெவாசூர் என்பது சுவையான கதை, அவ்வளவுதான்.

கேப்டன் கிட் வேறு ரகம். நம் மேற்குக் கரைக்கு அப்பால் கப்பலைப் பிடித்த வழக்கு அவன் மேல் உண்டு. 1701-ல் லண்டனில் தூக்கிலிட்டபோது கயிறு அறுந்து விழுந்தான். மறுபடி ஏற்றும்முன் மனம் திருந்தினான் என்று சிறைப் பாதிரியார் லொரேன் எழுதினார். கைதியை மனந்திருந்த வைப்பது அவர் வேலை, அந்தக் கதையை அச்சிட்டு விற்பது அவர் வருமானம். கிட் திருந்தியிருக்கலாம். மேடையில் சொல்லும்போது லொரேன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.