ஆப்ஷன் பணம் கொடுப்பதற்கு முன் புளோக்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்

சிங்கப்பூருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பாஸ், வங்கிக் கணக்கு, சிம் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆபீஸில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வீட்டு விஷயத்தில்தான் யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

இங்கே பெரும்பாலானவர்கள் வசிப்பது வீவக வீடுகளில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியவை. அந்த வீடுகளில் எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் இருக்கலாம் என்று 1989 முதல் வரம்பு இருக்கிறது. 'இந்தியர், பிறர்' என்ற பிரிவுக்கு இப்போது ஒரு பேட்டையில் (பல புளோக்குகள் சேர்ந்த குடியிருப்புப் பகுதி) 12%, ஒரு புளோக்கில் (தனி அடுக்குமாடிக் கட்டடம்) 15%. பேட்டை, புளோக் இரண்டில் எது நிரம்பினாலும் வேறு இனத்தவரிடமிருந்து நாம் அங்கே வீடு வாங்க முடியாது. விற்பவர் நம் பிரிவைச் சேர்ந்தவர் என்றால் வாங்கலாம்.

இதைக் கேட்டதும் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் காரணம் தெரிந்தபின் என் எண்ணம் மாறியது. 1964இல் இங்கே இனக் கலவரம் நடந்திருக்கிறது. அடுக்குமாடிகள் வந்த பிறகும் 80களில் மலாய்க்காரர்கள் பிடோக், தெம்பனிஸ் பக்கமும், சீனர்கள் ஹவ்காங் பக்கமும், நம்மவர்கள் யீஷூன் பக்கமும் ஒதுங்க ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்க இந்த வரம்பை அறிவித்த அமைச்சர் எஸ். தனபாலன், ஒரு தமிழர். இருந்தவர் யாரையும் வீட்டை விட்டுக் கிளப்பவில்லை. அடுத்த விற்பனையிலிருந்துதான் கணக்கு. ஊர் தனி, சேரி தனி என்று பார்த்து வளர்ந்தவன் நான். என் மகள் மின்தூக்கியில் மலாய்ப் பாட்டியிடம் கதை பேசிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது இந்த விதி தேவைதான் என்றே தோன்றுகிறது.

சரி, என் நண்பர் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். அவரும் மனைவியும் இந்தியக் குடிமக்கள், நிரந்தரவாசிகள். மூன்று வருடம் காத்திருந்து மறுவிற்பனை வீடு தேடினார்கள். விற்பவர் சீனர். "இந்தியர் கோட்டா காலியாக இருக்கிறது" என்றார் ஏஜெண்ட். அது உண்மைதான். நண்பர் ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆப்ஷன் பணம், அதாவது வீட்டை நமக்காக நிறுத்திவைக்கும் முன்பணம், கொடுத்துவிட்டார். ஆனால் இன்னொரு கோட்டா இருக்கிறது, 2010இல் வந்தது: குடும்பத்தில் குடிமகன் யாரும் இல்லாத, மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கு பேட்டையில் 5%, புளோக்கில் 8%. அந்த புளோக்கில் அது நிரம்பியிருந்தது. இரண்டு கோட்டாவிலும் இடம் இருந்தால்தான் வீடு. மனைவி வீவக இணையத்தளத்தில் தற்செயலாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பணம் திரும்பவில்லை. கமிஷன் வாங்குகிறவருக்கு இது தெரியாதா? இன்றும் நினைத்தால் எரிச்சல்தான்.

எனவே முகவரி கையில் கிடைத்ததும் வீவக தளத்தில் நீங்களே பாருங்கள். கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மாறும். மாதக் கடைசியில் பார்த்ததை நம்பி அடுத்த மாதம் விண்ணப்பிக்க வேண்டாம், திரும்பவும் பாருங்கள். கலப்புத் திருமணம் செய்தவர்கள் கணவன், மனைவி இருவரில் ஒருவருடைய இனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பிறகு விற்கும்போதும் அதே இனம்தான், யோசித்துச் சொல்லுங்கள்.

விற்பதிலும் சிக்கல் உண்டு. உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர்கள் குறைவதால் விலையும் இறங்கும். இந்தச் சுமை நம்மைப் போன்ற சிறுபான்மையினர் தலையில்தான் அதிகம் விழுகிறது. பல வருடம் முறையிட்ட பிறகு, 2022இல், இப்படி மாட்டிக்கொண்டவர்களின் வீட்டைச் சில நிபந்தனைகளோடு கழகமே வாங்க முன்வந்தது.

அப்புறம் வாடகை. முழு வீடாக எடுக்க, மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்குத் தனி வரம்பு: பேட்டையில் 8%, புளோக்கில் 11%. அறை வாடகைக்கு இது இல்லை. ஆனால் அங்கேதான் "இந்தியர் வேண்டாம்" என்ற பதில் வரும். முழு வீடு கேட்கும்போது இப்படிச் சொன்னால், வரம்பு நிரம்பியதால் சொல்கிறார்களா, வெறுப்பில் சொல்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, "கோட்டா நிரம்பிவிட்டதா?" என்று நேராகக் கேளுங்கள். அறை என்றால் அந்தச் சாக்கு செல்லாது. தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) பக்கத்திலேயே வேண்டும் என்று அடம் பிடிக்காமல் செங்காங், ஜூரோங் பக்கமும் தேடுங்கள். பின்னாளில் உங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடும்போது, வருகிறவர் என்ன ஆள் என்று நீங்களும் கேட்காதீர்கள்.